முப்பத்தொரு ஜோடி அடைப்புக்குறி

ஐயம்பெருமாள் பிள்ளை எழுத்துக் கோத்த புத்தகம் எதிலும் பிழைதிருத்தப் பக்கம் இருக்காது. வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. என் அலமாரியில் இருக்கும் பதினாறு புத்தகங்களையும் கடைசித் தாள்வரை புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அந்தக் காலத்தில் முன்னுரை இல்லாத புத்தகத்தைக்கூடப் பார்த்துவிடலாம். ‘பிழை – திருத்தம்’ என்று இரண்டு பத்தி போட்ட கடைசித் தாள் இல்லாத புத்தகத்தைப் பார்ப்பதுதான் கஷ்டம். வாங்குகிறவன் அந்தத் தாளைப் படிக்கமாட்டான். ஆனால் அது தன்னைப் பற்றி எழுதியது என்று கோத்தவனுக்குத் தெரியும்.

திருநெல்வேலி டவுணில், தெற்கு ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், அம்பலவாணன் பிள்ளை என்பவர் அச்சுக்கூடம் நடத்தினார். அங்கே ஐயம்பெருமாள் பிள்ளை கம்பாசிட்டர். அறை அறையாகத் தடுத்த மரப்பெட்டியின் முன்னால் நின்றுகொண்டு, ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, இடவலம் மாற்றி அடுக்கி வரியாக்குவது அவர் வேலை. தாத்தா காலத்தில் ஆற்றங்கரையில் நிலம் இருந்த குடும்பம். அப்பா காலத்தில் அது கோர்ட்டுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டது. இவர் மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு எழுத்துப் பொறுக்க வந்தார். கோபம் வந்தால் பேசமாட்டார். சந்தோஷம் வந்தாலும் பேசமாட்டார். எது எந்த மௌனம் என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது.

நான் அங்கே புரூஃப் பார்ப்பவன். கோத்த வரிகளை மை தடவி ஒரு தாளில் ஒற்றிக் கொடுப்பார்கள். கையெழுத்துப் பிரதியோடு ஒத்துப் பார்த்து, தப்பு இருந்தால் குறித்து, இல்லாவிட்டால் ‘அச்சிடலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். எஃப்.ஏ. என்ற கல்லூரிப் பரீட்சையில் இரண்டு தடவை கணக்கில் கோட்டைவிட்டவன் நான். ஆனாலும் முதலாளி கண்ணுக்கு நான் படித்தவன். என் கண்ணுக்கும்தான். இருபத்துநாலு வயதில் அந்த நினைப்பு எனக்கு வேண்டியதற்கு மேலேயே இருந்தது.

ஐயம்பெருமாள் பிள்ளைக்கு ஒரே ஒரு சட்டம். பிரதியில் என்ன இருக்கிறதோ அதுதான் ஈயத்தில் இருக்கவேண்டும். ஆசிரியர் தப்பாக எழுதியிருந்தாலும் தப்பாகவே கோப்பார். ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு என்னிடம் அனுப்புவார். அந்தச் சட்டத்தை அவர் ஒரே ஒரு தடவைதான் மீறினார். மீறவைத்தவன் நான்.

1913-ஆம் வருஷம் சித்திரையில் பஞ்சாபகேச ஐயர் ஒரு கையெழுத்துப் பிரதியோடு வந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். இங்கிலீஷும் புரியாமல் கணக்கும் புரியாமல் இரண்டிலும் விழுகிற பிள்ளைகளுக்காகத் தமிழில் ‘பீஜகணித சாரம்’ என்று ஒரு அல்ஜீப்ராப் புத்தகம் எழுதியிருந்தார். ஆனியில் பள்ளிக்கூடம் திறக்குமுன் ஐந்நூறு பிரதி வேண்டும் என்றார். முத்து முத்தான கையெழுத்து. அதைப் பார்த்ததும் ஐயம்பெருமாள் பிள்ளை லேசாகத் தலையாட்டினார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய பாராட்டு.

மூன்றாம் பாரம்வரை எல்லாம் ஒழுங்காகப் போனது. எட்டுப் பக்கம் சேர்ந்தது ஒரு பாரம். எட்டையும் ஒரே இரும்புச் சட்டத்தில் இறுக்கி ஒரே தடவையில் அடிப்பார்கள். மூன்றாம் பாரம் முழுவதும் ஒரே அத்தியாயம்: ‘ஒரே பகுதியுடைய பின்னங்கள்’. கோட்டுக்குக் கீழே இருப்பது பகுதி, மேலே இருப்பது தொகுதி. இரண்டு பின்னங்களுக்கும் பகுதி ஒன்றாகவே இருந்தால் அதை ஒரு தடவை எழுதினால் போதும். மேலே இருக்கும் தொகுதிகளை மட்டும் கூட்டியோ கழித்தோ, பிறகு மேலும் கீழும் பொதுவாக வகுபடுவதை அடித்துவிட்டால் பின்னம் சுருங்கிவிடும். ஐயர் ஒவ்வொரு தொகுதியையும் ஓர் அடைப்புக்குறிக்குள் போட்டுத்தான் ஒரே கோட்டின்மேல் எழுதியிருந்தார். நாற்பத்தெட்டுக் கணக்கு, கணக்குக்கு இரண்டு ஜோடி, ஆக மொத்தம் தொண்ணூற்றாறு ஜோடி அடைப்புக்குறி.

எங்கள் அச்சுக்கூடத்தில் இருந்ததோ முப்பத்தொரு ஜோடி. கல்யாணப் பத்திரிகை அடிக்கிற இடத்தில் அதுவே அதிகம்.

ஒரு நாள் காலையில் ஐயம்பெருமாள் பிள்ளை என் மேஜைக்கு வந்தார். “தம்பி, பிராக்கட்டு தீந்து போச்சு. மூணாம் பக்கத்தோட காலி. முதலாளிகிட்ட சொல்லிப் பட்டணத்துக்கு எழுதிப் போடச் சொல்லுதீரா?”

எனக்கு அவசரம். என்ன அவசரம் என்று இப்போது ஞாபகம் இல்லை, அதனால் பெரிய அவசரமாக இருந்திருக்காது. “அதுக்கு ஒரு மாசம் ஆகும் அண்ணாச்சி. பிராக்கட்டு வெறும் அலங்காரம்தான. எல்லாம் ஒரே கோட்டுக்கு மேலதான இருக்கு. மொத்தத்தையும் எடுத்துரும். பாதி இடத்துல இருந்து பாதி இடத்துல இல்லாட்டிதான் அசிங்கமா இருக்கும்” என்றேன்.

“ஐயரைக் கேக்க வேண்டாமா?”

“நான் எஃப்.ஏ. வரைக்கும் படிச்சவன் சொல்லுதேன்லா.”

அவர் போய், கோத்திருந்த மூன்று பக்கத்திலிருந்தும் குறிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். மிச்ச ஐந்து பக்கமும் கோத்து முடிந்ததும் புரூஃப் வந்தது. நான் ‘அச்சிடலாம்’ என்று எழுதினேன். ஐந்நூறு தாளும் அடித்து முடித்தார்கள்.

ஐயர் அப்போது குலசேகரன்பட்டினத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். திரும்பி வந்ததும் அச்சிட்ட தாளை வாங்கிக்கொண்டு போனார். ஒரு மணி நேரத்தில் வேஷ்டி தடுக்கத் தடுக்க வந்துசேர்ந்தார்.

“ஓய் அம்பலவாணன், முதல் கணக்கையே பாரும். மேலே 5x + 3. அதுலேர்ந்து 2x − 3-ஐக் கழிக்கணும். கீழே x + 2. விடை என்னன்னு பின்னாலே போட்டிருக்கேன்? மூணு. இப்போ உம்ம ஆள் அடிச்சிருக்கறபடி மேலே என்ன வரும்? 5x + 3 − 2x − 3. வெறும் 3x. அதைச் சுருக்கறதுக்கு வழியே கிடையாது. பசங்க எந்த ஜன்மத்துலே மூணுங்கற விடைக்கு வருவா?”

முதலாளி கணக்கைப் பார்க்கவில்லை, ஐயர் முகத்தைப் பார்த்தார். “ஐயம்பெருமாள், இங்கன வாரும். பிரதியில பிராக்கட்டு இருக்குல்லா? யாரு எடுக்கச் சொன்னது?”

நான் நாலடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஐயம்பெருமாள் பிள்ளை என்னை ஒரு தடவை பார்த்தார். குற்றம் சொல்கிற பார்வை இல்லை. நான் பேசப்போகிறேனா என்று பார்த்த பார்வை. நான் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். “கோத்த கை என்னுதுதான்” என்றார் அவர். இதை எழுதும்போதுகூட எனக்குக் காது சுடுகிறது.

ஐயர் அங்கேயே ஒரு தாளை எடுத்து நாலு வரி எழுதினார். ‘மூன்றாம் பாரத்தில் அச்சுக்கோத்தவரின் பிழையால் அடைப்புக்குறிகள் முழுவதும் விடுபட்டுள்ளன’ என்று தொடங்கியது அது. அதைத் துண்டாக அச்சிட்டு ஒவ்வொரு புத்தகத்திலும் ஒட்டவேண்டும் என்றார். முதலாளி சரி என்றார்.

“சாமி, அந்தத் துண்டு வேண்டாம்” என்றார் ஐயம்பெருமாள் பிள்ளை. “வார வெள்ளிக்கிழம வரைக்கும் பொறுங்க. அந்தப் பாரத்த முழுசும் திரும்பக் கோத்துத் தாரேன்.”

“குறிக்கு எங்கவே போவீரு? தொண்ணூத்தாறு வேணும்” என்றார் முதலாளி.

“இருக்கதை வச்சுக் கோக்கேன்.”

ஐயர் நல்ல மனுஷர். கோபத்திலும் நியாயம் பேசினார். வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பேன், அத்தனை கணக்கும் சரியாக வந்தால் துண்டு வேண்டாம், ஒன்று தப்பினாலும் துண்டு ஒட்டியே தீரவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். முதலாளிக்கு அதில் நம்பிக்கை இல்லை. எப்படியும் தேவைப்படும், அந்த நாலு வரியை இப்போதே கோத்து வையும் என்று ஐயம்பெருமாள் பிள்ளையிடமே கொடுத்துவிட்டார்.

அவரும் கோத்தார். தன்னைக் குற்றவாளி ஆக்கும் வரியைத் தானே பொறுக்கி அடுக்கி, நூல் சுற்றிக் கட்டி, புரூஃப் ஒற்றி என்னிடம் கொண்டுவந்தார். “பாத்துக் குடுங்க தம்பி. தப்பு எதுவும் இருந்தாச் சொல்லுங்க” என்றார். வழக்கமாகப் புரூஃபை வைத்துவிட்டுப் போய்விடுகிறவர் அன்றைக்கு நின்றார். நான் பிரதியோடு ஒத்துப் பார்த்தேன். ஓர் எழுத்துகூடத் தப்பில்லை. ‘அச்சிடலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு போய், கட்டின எழுத்துகளைக் கல்மேஜையின் ஒரு மூலையில் வைத்தார். அது அங்கேயே இருந்தது. எழுத்துப் பொறுக்கும்போது அவர் கண் போகிற இடத்தில்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் சந்திப்பிள்ளையார் முக்குப் பக்கம் அவர் வீட்டுக்குப் போனேன். உதவி செய்யத்தான் போனேன் என்று சொல்லிக்கொண்டேன். மனசு அறுத்தது என்பதுதான் நிஜம். அவர் ஐயரின் பிரதியை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“முப்பத்தொண்ண வச்சுத் தொண்ணூத்தாறு இடத்த நிரப்ப முடியாது தம்பி” என்றார். “எந்த இடத்துல இது இல்லாட்டி கணக்கு செத்துப் போகும், எந்த இடத்துல இல்லாட்டியும் சாகாது, அது தெரியணும். அதுக்கு இது என்ன வேல பாக்குதுன்னு தெரியணும். சொல்லுங்க.”

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ‘குறி மாறும்’ என்று மனப்பாடம் பண்ணியிருந்தேன். ஏன் மாறும் என்று யாரும் கேட்டதில்லை. x-க்குப் பதிலாக ஏதாவது ஓர் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம் என்று மட்டும் தெரிந்தது. நாலு என்று வைத்தோம். மேலே இருபத்துமூன்றிலிருந்து ஐந்து போனால் பதினெட்டு, கீழே ஆறு, விடை மூன்று. நாங்கள் அச்சடித்தபடி போட்டால் மேலே பன்னிரண்டு, கீழே ஆறு, விடை இரண்டு. தப்பு என்று தெரிந்தது. தப்பு எங்கே நுழைந்தது என்று தெரியவில்லை.

உள்ளே அவர் மனைவி ஆவுடைத்தாய் முறுக்குகளை ஓலைப்பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார். ராதாபுரத்துப் பக்கத்துக்காரர். பேச்சில் தயவு தாட்சண்யம் கிடையாது. குலசேகரன்பட்டினத்தில் கட்டிக்கொடுத்த மகள் அன்னத்தாய்க்குப் புதன்கிழமை சீமந்தம். அதற்குக் கொண்டுபோக வேண்டிய பலகாரம் அது. ஐயம்பெருமாள் பிள்ளை அந்தப் பெட்டிகளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏட்டி, அதுல அஞ்சு பெட்டிய இங்கன கொண்டா. மூணு முறுக்கு தனியாக் கொண்டா.”

“எண்ணி மூடி வச்சிருக்கேன். யாரும் கை வைக்கப்படாது.”

“ஒரு பெட்டிக்கு எத்தன வச்சிருக்க? வேண்டாம், சொல்லாத. தெரியாம இருக்கதுதான் வேணும்.”

ஆவுடைத்தாய் என்னைப் பார்த்தார். புருஷனுக்கு என்ன ஆயிற்று என்று என்னிடம் கேட்பதுபோல் இருந்தது. ஆனாலும் பெட்டிகள் வந்தன. ஐந்து பெட்டி, உதிரியாக மூன்று முறுக்கு. “இது அஞ்சு எக்ஸு, மூணு” என்றார் அவர்.

“முறுக்குக்கு எக்ஸுன்னு பேரு வச்சாச்சா?”

“இப்ப ரெண்டு பெட்டிய எடுத்து அந்த மூலைல வையி. ஆனா மூணு குறைச்சு எடு.”

ஆவுடைத்தாய் ஒரு பெட்டியைத் திறந்து மூன்று முறுக்கை எடுத்துக் கீழே கிடந்த உதிரியோடு போட்டார். பிறகு இரண்டு பெட்டியையும் தூக்கிக்கொண்டு போய் மூலையில் வைத்தார். கீழே மூன்று பெட்டி நின்றது. உதிரி ஆறு கிடந்தது.

ஐயம்பெருமாள் பிள்ளை அந்த ஆறு முறுக்கை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “நம்ம அச்சடிச்சது என்னன்னு தெரியுதா தம்பி? ரெண்டு பெட்டியையும் முழுசாத் தூக்கிட்டோம். கீழ கெடந்த மூணையும் சேத்து வாரிட்டோம். பெட்டிக்குள்ள குறைஞ்ச மூணு வெளிய வந்து கூடணும். நாம அதக் கழிச்சுப்புட்டோம்.”

“மூணு குறைச்சுக் குடுத்தா மிச்சத்துல மூணு கூடும். இதுக்கு ஐயர் புஸ்தகம் வேற எழுதணுமாக்கும்” என்றார் ஆவுடைத்தாய்.

“கோட்டுக்குக் கீழ என்ன இருக்கு?” என்று அவர் என்னைக் கேட்டார்.

“x கூட்டல் ரெண்டு. ஒரு பெட்டியும் ரெண்டு முறுக்கும்.”

அவர் ஒவ்வொரு பெட்டி பக்கத்திலும் இரண்டிரண்டு முறுக்கைத் தள்ளி வைத்தார். மூன்று பங்கு வந்தது. உதிரி ஒன்றும் மிஞ்சவில்லை. பெட்டிக்குள் பத்து இருந்தாலும் நூறு இருந்தாலும் பங்கு மூன்றுதான். அத்தியாயத்தின் கடைசியில் போட்டிருந்த விடையும் அதுதான். எஃப்.ஏ. வகுப்பில் இரண்டு வருஷம் நான் அடித்துச் சுருக்கிய அத்தனை பின்னங்களிலும் இதுதான் நடந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். சந்தோஷமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

அவர் நிறுத்தவில்லை. மூலையில் இருந்த இரண்டு பெட்டியையும் திரும்பக் கொண்டுவரச் சொன்னார். கழிக்காமல் கூட்டினால் என்ன ஆகும் என்று பார்த்தார். மூடியோடு சேர்த்தாலும், கொட்டிச் சேர்த்தாலும், மொத்தம் ஒன்றுதான். “அப்ப முன்னால கூட்டல் இருந்தா பிராக்கட்டு வேண்டாம். கோட்டுமேல மொதல்ல நிக்கதுக்கும் வேண்டாம், அதுக்கு முன்னால ஒண்ணுமே இல்ல. கழித்தலுக்குப் பின்னால வாரதுக்கு மட்டும் கட்டாயம் வேணும்.” பிரதியை எடுத்து ஒவ்வொரு கணக்காக விரல் வைத்து எண்ண ஆரம்பித்தார்.

ஆவுடைத்தாயும் எண்ணினார். “இதுல ஒண்ணு குறையுது” என்றார் என்னைப் பார்த்து. பேச்சுவாக்கில் நான் ஒன்றைத் தின்றிருந்தேன்.

கழித்தல் கணக்கு முப்பத்துமூன்று வந்தது. கையில் முப்பத்தொன்று. இரண்டு ஜோடி குறைந்தது. நான் சோர்ந்துபோனேன். தொண்ணூற்றாறை முப்பத்துமூன்றாக்கியவர் சோரவில்லை. திங்கட்கிழமை காலையில் இங்கிலீஷ் எழுத்துப் பெட்டியிலிருந்து நாலு சைபரை எடுத்தார். அரத்தை எடுத்து இரண்டு சைபருக்கு வலது பாதியையும், இரண்டுக்கு இடது பாதியையும் பைய ராவித் தள்ளினார். நாலு பிறை மிஞ்சியது. இரண்டு ஜோடி அடைப்புக்குறி.

முதலாளி பார்த்துவிட்டு, “எழுத்தையா ராவுதீரு?” என்றார்.

“நாலு சைபர் போனா ஒண்ணும் முழுகிப் போகாது” என்றார். முதலாளியிடம் அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

செவ்வாய்க்கிழமையிலிருந்து அவர் தலை நிமிரவில்லை. புதன்கிழமை சீமந்தத்துக்கு மனைவியை மச்சானோடு அனுப்பிவிட்டு இவர் இங்கேயே நின்றுவிட்டார். அதற்கு ஆவுடைத்தாய் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. தெருவில் பாதிப்பேருக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு கணக்கையும் கோப்பதற்கு முன் x-க்கு ஓர் எண் போட்டு, என்னையும் போடவைத்து, இரண்டு பேருக்கும் ஒரே விடை வந்தால்தான் எழுத்தில் கை வைப்பார். எனக்குத் தப்பினால் திட்டமாட்டார். “திரும்பப் போடுங்க” என்பார். நான் திரும்பப் போடுவேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் இருபத்தொன்பதாவது கணக்கின் விடை ஒத்துவரவில்லை. மேலே 7x − 4. அதிலிருந்து 4x + 5 கழியவேண்டும். கீழே x − 3. ஐந்து என்று போட்டால் முப்பத்தொன்றிலிருந்து இருபத்தைந்து போய் ஆறு, கீழே இரண்டு, விடை மூன்று. எத்தனை தடவை போட்டாலும் மூன்று. ஐயர் பிரதியில் விடை, மேலே 3x + 1, கீழே x − 3 என்று இருந்தது. நான் குதித்துவிட்டேன். ஐயரும் அதே குழியில் விழுந்திருந்தார். அடைப்புக்குறியைப் போட்டுவிட்டு, உள்ளே இருந்த ஐந்தின் குறியை மாற்ற மறந்திருந்தார்.

“அண்ணாச்சி, இதை நாளைக்கு முதலாளி முன்னால எடுத்துக் காட்டுவோம். துண்டு யாருக்கு ஒட்டணும்னு கேப்போம்” என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். இது கோப மௌனம் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு விடைப் பக்கத்தில் இருபத்தொன்பது என்ற எண்ணை மட்டும் கோத்து, பக்கத்தில் வெறும் ஈயக்கட்டையை வைத்து இடம் விட்டார்.

வெள்ளிக்கிழமை ஐயர் வந்தார். முதலாளியும் கூட நின்றார். புரூஃப் தாளை வாங்கிக்கொண்டு முதல் கணக்கிலிருந்து ஆரம்பித்தார். நாலாவதில் நின்றார்.

“இங்கே ஒரு குறிகூட இல்லையே.”

“முன்னால கூட்டல் சாமி. போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டியும் ஒண்ணுதான்.”

“அப்போ அஞ்சாவதுலே?”

“அது கழித்தல். உள்ள கெடக்குற ஒவ்வொண்ணுக்கும் குறி மாறணும். மூடி இல்லாட்டி மொதல்ல நிக்கது மட்டும் மாறும், பின்னால நிக்கது தப்பிச்சுரும்.”

ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அவரை ஒரு தடவை பார்த்தார். அதன் பிறகு கேள்வி கேட்கவில்லை. கடைசியில் விடைப் பக்கத்துக்கு வந்தார். இருபத்தொன்பதாவது இடத்தில் விரல் நின்றது.

“இது ஏன் காலி?”

ஐயம்பெருமாள் பிள்ளை பிரதித் தாளையும் ஒரு பென்சிலையும் நீட்டினார். “அந்த இடத்துல மட்டும் உங்க எழுத்து எனக்குச் சரியா வெளங்கல சாமி. ஒரு தடவ பாத்து எழுதிக் குடுத்தீங்கன்னாக் கோத்துருவேன்.”

முத்து முத்தான எழுத்து. கண்ணில்லாதவன்கூடத் தடவிப் படித்துவிடலாம். ஐயர் வாங்கிப் பார்த்தார். பென்சிலால் ஓரத்தில் போட்டுப் பார்த்தார். மூன்றாவது வரியில் பென்சில் நின்றது. முதலாளி வாசலில் யாரையோ பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. ஐயர் பழைய விடையை அடித்துவிட்டு ‘3’ என்று எழுதி, தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

“என் கையெழுத்து சில சமயம் கோணிப்போயிடறது” என்றார் மெதுவாக.

“ஆமா சாமி.”

ஐயர் அச்சுக்கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். கல்மேஜை மூலையில் நூல் சுற்றி இருந்த கட்டு அவர் கண்ணில் பட்டது. “அது என்ன?”

“நீங்க எழுதிக் குடுத்த துண்டு.”

“பிரிச்சுப் போட்டுடும்.”

ஐயம்பெருமாள் பிள்ளை அந்தக் கட்டின் நூலை அவிழ்த்தார். எழுத்துகளை ஒவ்வொன்றாக அததன் அறையில் திரும்பப் போட்டார். அவசரப்படவில்லை. ஆயிரம் தடவை செய்த வேலைதான். ஆனால் கடைசி எழுத்தைப் போட்ட பிறகு அந்தக் கையை வேஷ்டியில் துடைத்துக்கொண்டார். அது எந்த மௌனம் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

“இனிமேயாவது கவனமா இரும்வே” என்றார் முதலாளி.

“சரி” என்றார் அவர்.

அப்போதும் நான் அங்கேதான் நின்றேன். ஒரு வார்த்தை போதும். ஐயரைக்கூட நாலு பேர் முன்னால் தலைகுனிய விடாதவர் என்னைத் தலைகுனிய விட்டிருப்பாரா? மாட்டார் என்று தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பயத்தைவிட அதுதான் கேவலம்.

புத்தகம் ஆனியில் வந்தது. பிழைதிருத்தம் இல்லை. இருபத்திரண்டாம் பக்கத்தில் இரண்டு கணக்குகளில் மட்டும் அடைப்புக்குறி மற்றதைவிடக் கொஞ்சம் குட்டையாக இருக்கும், அது சைபர். இரண்டாம் பதிப்புக்குப் பட்டணத்திலிருந்து குறிகள் வந்து இறங்கின. தொண்ணூற்றாறு இடத்திலும் போடச் சொன்னார்கள். பிரதியில் இருக்கிறதே என்று அவரும் போட்டார். ‘இதுல பாதி சும்மா நிக்கு’ என்று என்னிடம் மட்டும் முனகினார். கண் மங்கி 1926-இல் வேலையை விடும்வரை கோத்துக்கொண்டிருந்தார். மூன்று வருஷம் கழித்து, பேரப்பிள்ளைகள் கூட இருக்க, குலசேகரன்பட்டினத்தில் மகள் வீட்டில் காலமானார். நடுவில் இருந்தது பதினாறு வருஷம். அதில் பதின்மூன்று வருஷம் தினமும் பார்த்துக்கொண்ட மனுஷர்தான். அந்த விஷயத்தை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அந்தத் துண்டின் புரூஃப் இன்னும் என்னிடம் இருக்கிறது. மை மங்கவில்லை. அடியில் என் கையெழுத்தும் இருக்கிறது. ‘தப்பு எதுவும் இருந்தாச் சொல்லுங்க’ என்று அவர் கேட்டுக்கொண்டு நின்றாரே, அப்போது நான் ஒரு தப்பை விட்டுவிட்டேன். முதல் வரியில் ‘அச்சுக்கோத்தவரின் பிழையால்’ என்று இருக்கிறது. அதைப் ‘புரூஃப் பார்த்த தில்லைநாயகத்தின் பிழையால்’ என்று திருத்திப் படிக்கவும்.